கருவாட்டுத் தட்டின் பாசம்

“உப்பில்லாம, மீனில்லாம, பிள்ளையைப் பட்டினி போட்டே கொன்னுடுவீங்க” என்று கருவாட்டுத் தட்டு மறுபடியும் ஆரம்பித்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இளம்பூனை பப்லுவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. உப்பு ஆகாது, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும்.

“டாக்டர் சொன்னது காதில் விழலையா அக்கா?”

“அவருக்கென்ன, இது ஏங்குற முகத்தை அவரா பாக்கிறார்? ஒரே ஒரு துண்டுதானே.”

காலையில் வீட்டுக்காரியும் மதியம் வீட்டுக்காரரும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், இதையே சொல்லித்தான் ஆளுக்கொரு துண்டைத் தட்டில் வைத்திருந்தார்கள். அத்தனை பாசம்.

பப்லு ஆசையாகத் தின்றது, அப்படியே வாந்தியெடுத்தது, கிண்ணத்தருகே சுருண்டு விழுந்தது, பிறகு அசையவில்லை.

“வயிறு நிறைஞ்சதும் எப்படித் தூங்குது பாரு” என்றது தட்டு.

“பப்லு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் படுடா” என்றது கிண்ணம்.