மஞ்சளா, சிவப்பா

சுபஸ்ரீயின் மேசையில் இரண்டு லேபிள் கட்டுகள் இருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு.

எதிரே ஸ்டோர் பரசுராமன் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அவருக்கு இதே வேலை. ஸ்டோருக்குப் போவதும், எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி லேபுக்கு வருவதும். சாப்பாட்டு மணி அடித்தும் அவர் தூக்குவாளியைத் திறக்கவில்லை.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் அதிகம் கம்பெனிகள் இல்லாத காலம். சாலையோரத்து அந்த மருந்துக் கம்பெனிக்குள் எந்த ரசாயனம் வந்தாலும், அது எவ்வளவு ஆபத்து என்று வகை பிரித்து லேபிள் ஒட்டுவது கெமிஸ்ட் சுபஸ்ரீயின் பொறுப்பு. மஞ்சள் என்றால் கையுறை போட்டுக்கொண்டு புழங்கலாம். சிவப்பு என்றால் கிட்டே போகவே தனி ஏற்பாடு வேண்டும்.

இதெல்லாம் கம்பெனி வைத்த அர்த்தம். வேலையாட்கள் வைத்த அர்த்தம் வேறு. மஞ்சள் ஒட்டிய டிரம் காலியானால், நன்றாக அலசி, குலுக்கல் போட்டு ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். சிவப்பு ஒட்டியதை ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிடுவார்கள்.

மூடி போட்ட நீல பிளாஸ்டிக் டிரம் என்றால் சும்மாவா. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது, தண்ணீர் என்னவோ மெட்ராஸுக்குப் போகிறது. இங்கே தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. வருகிறபோது பிடித்து வைக்க ஒரு டிரம் இருக்கிற வீட்டில் மாமியார் மருமகள் சண்டைகூடக் கொஞ்சம் குறைவுதான். சீர்வரிசையில் டிரம் வைத்த கல்யாணத்துக்கு சுபஸ்ரீயே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அதனால் புதுச் சரக்கு வருகிறது என்றாலே கம்பெனி முழுக்க அவளிடம் குழையும். கேன்டீன் ஞானம்மா டீயில் சர்க்கரையைக் கூட்டுவாள். பாய்லர் யாக்கோபு வழியில் நிறுத்தி, தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுப்பான்.

பரசுராமன் அந்த ரகம் இல்லை. எதற்காகவும் யாரிடமும் போய் நிற்காதவர். அவரையும் இந்த டிரம் ஆசை விடவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இந்த முறை வந்திருப்பது வலிப்பு மாத்திரைக்கான ஒரு திரவம். நிறமில்லை, வாசனையில்லை. லேசில் தீப்பிடிக்காது. தோலில் பட்டால் அரிப்புகூட இல்லை. எலிக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள், எலி சாவதற்கே நிறையத் தேவைப்பட்டது என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் ஒட்டிவிடக்கூடிய சாது.

கடைசிப் பக்கத்தில்தான் சிக்கல். சினையாக இருந்த எலிகளுக்குக் குடிக்கும் தண்ணீரில் துளித்துளியாகக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். தாய் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டிகள்தான் முழுதாகப் பிறக்கவில்லை.

அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. இந்தத் திரவம் பிளாஸ்டிக்கில் ஊறி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். எத்தனை அலசு அலசினாலும், பிறகு ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

நேற்று மாலை அறிக்கை வந்த கவரைக் கொண்டுவந்து கொடுத்தது பரசுராமன்தான். அவர் எதிரிலேயே பிரித்துப் புரட்டியவள், பேச்சுவாக்கில் எலிக்குட்டி விஷயத்தையும் டிரம் விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிட்டாள். நாளைக்கு நிதானமாகப் படித்து முடிவு செய்யவேண்டும் என்றும் சொன்னாள். அதிலிருந்துதான் அவருக்கு இந்த அலைச்சல்.

“எலிக்கு ஆவறதெல்லாம் மனுசனுக்கு ஆவுமா மேடம்? மஞ்சளே போட்ருங்க,” என்றார்.

“ஆகலாம், ஆகாமலும் போகலாம்ணா. தெரியாதப்போ சிவப்புதான்.”

அவர் அதோடு விடவில்லை. கொஞ்சமாகத்தானே இறங்கும் என்று கேட்டார். வெயிலில் காயவைத்தால் போய்விடாதா என்று கேட்டார். மேனேஜர் இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒரு டிரம்முக்காக இந்த மனுஷன் இவ்வளவு வாதாடுகிறாரே என்று அவளுக்கு அலுத்துப்போனது.

இரண்டு கட்டுகளையும் பார்த்தாள். அறுபடப்போகிற அத்தனை டிரம்களையும் நினைத்தால் அவளுக்கே வயிறு எரிந்தது. நாளையிலிருந்து கேன்டீன் டீ கசக்கும். கசக்கட்டும். மாசமாக இருக்கிற ஒருத்தி வீட்டுக்குள் இது போய்விடக் கூடாது.

சிவப்பு லேபிள் ஒன்றை உரித்து மாதிரி பாட்டிலின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். மனசு லேசானது.

பரசுராமன் போகவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முன்னாடி இதே சரக்கு, லேபிளு இல்லாம சோதனைக்குன்னு ரெண்டு டிரம்மு வந்துச்சே மேடம். காலியாகி சும்மாதான கெடக்குதுன்னு ஒண்ண வூட்டுக்கு எடுத்துக்கினு போய்ட்டேன். பொண்ணு மசக்கைன்னு வந்துகீது. சித்திரையிலேர்ந்து அதுலதான் தண்ணி.”

சுபஸ்ரீ எழுந்துவிட்டாள்.

“முதல்ல வீட்டுக்குப் போங்கண்ணா. அந்தத் தண்ணியைக் கொட்டுங்க. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“அத நேத்தே கொட்டிட்டேன் மேடம்,” என்றார் பரசுராமன். அவர் குரல் உயரவில்லை. “குடிச்சதைக் கேக்கறேன்.”