மக்ரே சொன்ன சொல்

“மக்ரே என்னைப் பார்த்துத் ‘தோல்’ எண்டு சொல்லிப்போட்டார் அண்ணை! வானைக் கொண்டு உடனே வாங்கோ. இனி இந்த வீட்டில இருக்கமாட்டன்.”

புக்கெகோஹித் தோட்டமொன்றில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மத்தியூ போனை வைத்ததும் வானைக் கிளப்பினார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தொண்ணூற்று மூன்றில் மன்னாரிலிருந்து வந்த ஒரே தங்கச்சி. அவளுடைய தோலைப் பற்றி, பின்வீட்டை வாடகைக்குக் கொடுத்த ஒரு வெள்ளைக்காரன் கதைப்பதா? அவள் இருக்கும் ஒனிஹங்கா வரும்வரை ஸ்டியரிங்குக்குத்தான் அடி விழுந்தது.

அஞ்சலினா வாசலில் பெட்டியோடு நின்றாள்.

“நிறத்தைப் பற்றி என்ன சொன்னவன்?”

“நிறமில்லை அண்ணை. அது ஸ்கொட்லாந்துப் பழஞ்சொல்லாம். மத்தியானம் மீன்குழம்பு குடுத்தன். சாப்பிட்டிட்டு, ‘உன்னை நான் ஒவ்வொரு நாளும் தோல் பண்ணுவன்’ எண்டார். லைப்ரரிக்குப் போய்ப் பெரிய டிக்ஷனரியில பார்த்தன். முதல் கருத்து, வேதனைப்படுறது. பிறகு தாங்கிறது. அதுக்குப் பிறகு சகிக்கிறது!”

“உன்ர குழம்பைத் திண்டுபோட்டு உன்னைச் சகிக்கிறாராமோ?”

மத்தியூ பெட்டியைத் தூக்கினார். வெறும் பெட்டி போல லேசாக இருந்தது. அதை வானுக்குள் எறிந்துவிட்டு, முன்வீட்டுக் கதவை உடைப்பதுபோல் தட்டினார்.

கதவைத் திறந்த மக்ரே, கப்பல் என்ஜின்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். மத்தியூ சத்தம் போடப் போட, அவருடைய முகம் தக்காளியாய்ச் சிவந்தது.

“ஐயோ, வேதனை என்று பிறந்த சொல்தான் அது. பிறகு பொறுத்துக்கொள்வது என்றாகி, பொறுத்திருப்பது என்றும் ஆனது. எங்கள் பக்கம் வந்து தலைகீழாய்ப் புரண்டுவிட்டது. ஒரு கோப்பை தேநீரைத் தோல் பண்ணுவேன் என்றால், கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அர்த்தம்!”

“அப்படியெண்டால் என்ர தங்கச்சியை...” மத்தியூ வானைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் வானுக்குள் கிடந்த பெட்டி மக்ரேயின் கண்ணில் பட்டது. “போகிறாளா?”

மனிதர் ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடினார். பூச்சட்டி ஒன்று உருண்டது. அஞ்சலினாவின் முன்னால் புல்லில் முழந்தாளிட்டு, பழஞ்சொல் எதுவும் கலக்காமல், தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“அஞ்சலினா, என்னைக் கலியாணம் செய்வாயா?”

பக்கத்து வீட்டில் புல்வெட்டும் மெஷின் நின்றது.

“யெஸ்,” என்றாள் அஞ்சலினா. வேலிக்கு அப்பால் யாரோ கைதட்டினார்கள். மக்ரே மத்தியூவையே கட்டிப்பிடித்துச் சுழற்றினார். மத்தியூவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, வெட்கமும் வந்தது.

மக்ரே செருப்பைத் தேடிப் போன நேரம் பார்த்துத் தங்கையின் காதருகே குனிந்தார். “நல்ல காலம் பிள்ளை, மனுசனைப் பிழையாய் விளங்கிப் போகப் பார்த்தம். அவர் சொன்ன அந்தக் கடைசிக் கருத்தையும் நீ டிக்ஷனரியில வாசிச்சிருக்கலாமே?”

அஞ்சலினா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாசிச்சிட்டுத்தான் அண்ணை உங்களுக்குப் போன் எடுத்தனான்.”