முறையான போராட்டம்

"பிள்ளை, வடிவாப் பாத்துச் சொல்லு. உண்மையா அப்பிடித்தான் போட்டிருக்கோ?"

கண்டாவளைப் பக்கத்தில் ஒரு தனியார் கொம்பனியின் பால் சேகரிப்பு நிலையம். தலைமையகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்று அறிவித்தல் பலகையில் தொங்கியது. கேட்டவர், மாடு வளர்ப்போர் சங்கத் தலைவி கமலாசனி.

நிலையத்தின் எழுதுவினைஞர் சாரங்கா மறுபடி வாசித்தாள்.

"'முறையான அஜிட்டேசன் இல்லாமல் சோதனைக்கு எடுக்கும் பால் மாதிரிகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.' அஜிட்டேசன் எண்டா போராட்டம், அக்கா."

"போராட்டம் செய்யாட்டிப் பால் எடுக்கமாட்டினமோ?"

"அப்பிடித்தான் கிடக்கு."

அன்று பின்னேரமே சங்கம் கூடியது. முப்பது குடும்பங்கள்.

"கொம்பனிக்கு எதிராப் போராடுங்கோ எண்டு கொம்பனியே சொல்லுதோ?" என்றார் கனகலிங்கம்.

"கொழும்பில என்ன சட்டம் வந்திருக்கோ, ஆருக்குத் தெரியும்? செய்துபோட்டுப் போவம்," என்றார் கமலாசனி.

"சரி, என்னத்துக்காகப் போராடுறது?"

அதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. நல்லதம்பி தயங்கித் தயங்கி வாய் திறந்தார்.

"ஆறு மாசமா என்ரை பாலில கொழுப்புக் குறைவு எண்டு விலையைக் குறைக்கினம். அதே மாடு, அதே புல்லு. தண்ணி கலக்கிறன் எண்டு நினைப்பியளோ எண்டு வெக்கத்தில நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எனக்கும் அப்பிடித்தான் அண்ணை," என்றது ஒரு குரல்.

"எனக்கும்."

"எனக்குந்தான்!"

திங்கட்கிழமை காலை முப்பது குடும்பமும் பதாகையோடு நிலைய வாசலில் குந்திவிட்டது. மேய்க்க ஆளில்லாததால் மாடுகளும் வந்திருந்தன; காலையில் கறந்த பாலும் கான்களில் வரிசையாக நின்றது.

மனேச்சர் பிரதாபன் ஓடிவந்தார். "என்ன இது?"

"அஜிட்டேசன்," என்றார் கனகலிங்கம் பெருமையோடு. "முறையாத்தான் செய்யிறம். முடிய ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ."

பிரதாபன் உள்ளே போய்த் தொலைபேசியைப் பிடித்தார். மத்தியானம் கிளிநொச்சியிலிருந்து மேலதிகாரி வந்து இறங்கினார். கடிதத்தை வாசித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ அம்மா! அஜிட்டேசன் எண்டாப் போராட்டமுந்தான். ஆனா கலக்கிறதுக்கும் அதே சொல்லுத்தான். மாதிரி எடுக்க முதல் பாலை நல்லாக் கலக்கோணும். கலக்காட்டிப் பாலாடை மேல நிண்டிடும். அடிப்பாலில கொழுப்புக் காட்டாது. அவ்வளவுதான் விசயம்!"

சிரித்தபடியே பிரதாபன் பக்கம் திரும்பினார். "எங்கை, கலக்கிற கம்பியைக் கொண்டுவாங்கோ, காட்டுவம்."

கம்பி வந்தது. அதைச் சுற்றியிருந்த பொலித்தீன் இன்னும் பிரிக்கப்படவில்லை.

மேலதிகாரியின் சிரிப்பு நின்றது. நல்லதம்பியின் கானை அவரே கலக்கி மாதிரி எடுத்தார். முதல்நாள் வரை மூன்று வீதக் கொழுப்பே காட்டிய அவருடைய பால் இப்போது நாலரை காட்டியது.

அடுத்த கான். அதற்கடுத்த கான். எல்லாம் அப்படியே.

இனி எல்லாருக்கும் முழு விலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிரதாபனையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். போகும்போது சாரங்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, முதல்ல இங்கிலீசை ஒழுங்காப் படியுங்கோ. ஒரு சொல்லால எவ்வளவு கூத்து!"

"ஓம் சேர்," என்று தலை குனிந்தாள் சாரங்கா. கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

எல்லோரும் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போன பிறகும் கமலாசனி மட்டும் நின்றார்.

"பிள்ளை, உனக்கு உண்மையா அந்தச் சொல்லு விளங்கேல்லையோ?"

சாரங்கா நிலையத்தின் கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்:

"கலக்கிப்போட்டு எடுங்கோ எண்டு ஆறு மாசமா மனேச்சரிட்டைக் கெஞ்சினனான், அக்கா. வேலை போயிடும் எண்டு வெருட்டினார். உங்களுக்கும் அந்தச் சொல்லுக்குப் பாலைக் கலக்கிறது எண்டே சொல்லியிருந்தா, முப்பது வீடும் ஒண்டா வந்து குந்தியிருப்பியளோ?"