சுடாத புஷ்

புஷ் சுடவில்லை.

கார்த்திகேசன் விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

காலையிலிருந்து ஓடி இப்போதுதான் நிறுத்திய, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் மெஷின். ரோலரின் தண்டு சுற்றுவதே இந்த உலோக வளையத்துக்குள்தான். ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் இவ்வளவு நேரம் ஓடினால் தோசைக்கல்லாகக் கொதிக்க வேண்டும். இது மண்பானை மாதிரி இருந்தது.

அவன் செய்த புஷ். வெண்கலத் தூளில் கிராபைட்டைக் கலந்து, அழுத்தி, உலையில் வேகவைத்து எடுத்தது. எண்ணெயே கேட்காத புஷ். இதற்காகத்தான் எம்.ஈ. சேர்ந்த நாளிலிருந்து காலேஜ் லேபில் சுழலும் இரும்புத் தட்டின்மேல் துண்டு துண்டாகத் தேய்த்து, எவ்வளவு தேய்ந்தது என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

லேபில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் லேபில் பஞ்சுத்தூசி பறக்காது.

அதனால்தான் இந்தச் சோதனை, விளாத்திகுளம் போகிற ரோட்டில் ராஜமணி அண்ணாச்சியின் பேக்டரியில். வேறு பேக்டரி பார்க்கலாம் சார் என்று அவன் இழுத்ததைப் புரொபசர் நவநீதகிருஷ்ணன் காதில் வாங்கவில்லை. இது தேறினால் படிப்பும் தேறும், புரொபசர் சொல்லிவைத்திருக்கிற கோயம்புத்தூர் வேலையும் தேறும். தேறாவிட்டால் இரண்டும் இல்லை.

அண்ணாச்சிக்கு வேறு கவலை. எண்ணெய் விட்டால் பஞ்சில் கறை விழுந்து மில்காரன் மூஞ்சியைச் சுளிக்கிறான். விடாவிட்டால் சூடு. போன சீசனில் நாகலாபுரம் பக்கம் ஒரு பேக்டரியில் அப்படிச் சூடேறித்தான் பஞ்சில் தீப்பிடித்துக்கொண்டது. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பொம்பளைகளால் வெளியே வர முடியவில்லை.

காலையில் அதை நினைத்துத்தானோ என்னவோ, இந்த மெஷினில் பருத்தி அள்ளிப் போடுகிற ஆறுமுகத்தாயைக் காட்டி, பரீட்சை எழுதுவது நீ, வேகப்போவது அந்தம்மாவா, தள்ளி இருக்கச் சொல்லு என்று புரொபசர் கிண்டலடித்தார். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார்.

கார்த்திகேசன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"ஆட்டும் சார்."

நகர்ந்த மாதிரி நகர்ந்துவிட்டு அங்கேயேதான் இருந்தாள். தள்ளி உட்கார்ந்தால் மெஷினுக்குக் கை எட்டாது.

இப்போது விரலைப் பார்த்தான். பிசுபிசுத்தது.

குனிந்தான்.

புஷ்ஷின் பின்பக்க இடுக்கில், சுவரைப் பார்த்தபடி, ஒரு திரி. விளக்குத் திரி. பஞ்சை உருட்டி, இரண்டு புரியாக முறுக்கி, எண்ணெயில் ஊறப்போட்டுச் சொருகியிருந்தது. தண்டு சுற்றச் சுற்ற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே இறங்கியிருக்கிறது. பஞ்சில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

மோந்து பார்த்தான். வெந்தயம் போட்டுக் காய்ச்சின விளக்கெண்ணெய்.

யார் வேலை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். திரியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டான். கைக்குட்டையால் புஷ்ஷை ஒரு துடை துடைத்தான்.

"என்ன தம்பி, கொதிக்கா?"

சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது.

"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி பயந்து பயந்து விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையையே வைத்தார். "ஏயப்பா, செத்த பொணம் கணக்கால்லா கெடக்கு."

அதற்கப்புறம் அவர் கால் தரையில் நிற்கவில்லை. எல்லா மெஷினுக்கும் இதையே செய்து கொடுத்துவிட வேண்டும் என்றார். எண்ணெய் டப்பா இனி உள்ளே இருந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று ஃபிட்டர் சாமித்துரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். இந்த மெஷினில் எப்பவும் ஆறுமுகத்தாயே இருக்கட்டும், ராசியான கை என்றார்.

புரொபசர் அவன் தோளைத் தட்டினார். கார்த்திகேசன் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சட்டைப்பையில் எண்ணெய் படர்ந்துகொண்டிருந்தது.

மெஷினை மறுபடி ஓடவிட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அண்ணாச்சி வீட்டுக் கறிக்குழம்பு. அவன் பாதியிலேயே எழுந்தான். கையைக் கழுவிவிட்டு, புரொபசர் காரில் ஏறுவதற்குள் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தான்.

தொட்டான்.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நுனி சிவந்து எரிந்தது. சட்டைப்பைக்குள் விட்டான். எண்ணெய்த் திரி இதமாக இருந்தது.

மெஷினை நிறுத்துகிற சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான். வெளியே புரொபசர் ஹாரன் அடித்தார்.

ஆறுமுகத்தாய் மடியெல்லாம் பஞ்சுத்தூசியோடு பருத்தியை அள்ளிப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"கை சுடலைல்லா சார்?"

நேற்று வீட்டில் சாப்பிடும்போது அவளிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தான். புரொபசர் முன்னால் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்பது ஒன்று. புஷ் மட்டும் சூடாகிவிட்டால் என் கதை அம்புட்டுதான் என்பது இன்னொன்று. வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.

இரண்டையும் அவள் மறக்கவில்லை.

"சுடல" என்றான்.