ஆடாத எல் போர்டு

மெக்கானிக் தன் பைக்குக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல் போர்டை மாட்டிக்கொண்டிருந்தார். நாளை முதல் வண்டி பழகப்போவது அவர் மனைவி.

"கம்பி வச்சுக் கட்டினா போதாதா?" என்றாள் அவள்.

"ரெண்டு பள்ளத்துல இறங்கினா கம்பி அறுந்துடும். போல்ட் போட்டாத்தான் நிக்கும். வாஷரைக் குடு."

கொடுத்தாள். "ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தீங்க. கல்யாணமான புதுசுல நான் கேட்டப்ப மட்டும், 'நான் இருக்கறப்ப உனக்கெதுக்குடி வண்டி'ன்னு சிரிச்சீங்க."

அவர் நட்டை இறுக்கினார். போர்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை.

"எழுத்து நல்லாத் தெரியுதா?"

எழுத்து சக்கரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வெளியே தெரிந்தது போர்டின் வெறும் பின்பக்கம். பார்வை போன பிறகு அவர் ஸ்பேனரைத் தொட்டதே இன்றைக்குத்தான். அவர் தூங்கும்போது சத்தமில்லாமல் திருப்பி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"பளிச்சுனு தெரியுதுங்க."

அவர் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"அன்னிக்கே சொல்லிக்குடுத்திருக்கணும்," என்றார். "நீ ஓட்டறதை ஒரு தடவையாவது பார்த்திருப்பேன்."