அறுபதைத் தாண்டினால்

பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியாக மதிய வெயில் காசு காசாக விழுகிறது. ஜாக்கியில் ஏறி நிற்கும் பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் அக்காவும் தம்பியும் அருகருகே மல்லாந்து கிடக்கிறார்கள். பூச்செடிகள் ஏற்றி அவள் பிழைப்பு நடத்தும் வண்டி அது, மெக்கானிக் அவன். வேகம் அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கை வரை உதறுகிறது. டயரை மாற்றிப் பார்த்தான், சக்கரத்தைச் சரிபார்த்தான்; உதறல் நிற்கவில்லை. "கிழட்டு வண்டி இது, அக்கா. நீ விரட்டுற விரட்டுக்கு வேற எப்படி இருக்கும்?" என்று சிரித்து அனுப்பிவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட இரும்புத் தண்டை இரு கையாலும் பிடித்து உலுக்குகிறாள். டக், டக் என்கிறது. "இது என்னடா?" அவன் அந்த இடத்தைத் தடவுகிறான். போன மாதம் அவனே கழற்றி மாட்டிய இணைப்பு. போல்ட்டுகள் வெறும் விரலுக்கே திரும்புகின்றன. "முறுக்க மறந்துட்டேன்க்கா." "மறந்துட்டியா? ஓடுறப்ப இது கழண்டு விழுந்திருந்தா?" கிரீஸ் அவள் கன்னத்தில் சொட்டுகிறது, அவள் துடைக்கவில்லை. "தினமும் உன் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுறது இந்த வண்டியிலதாண்டா." அவன் ஸ்பேனருக்குக் கை நீட்டுகிறான். அவள் வெடுக்கென்று அதைப் பிடுங்குகிறாள். "நீ தொடாதே. லைட்டைப் பிடி." அவன் பிடிக்கிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குகிறாள். இறுகிய பிறகும் முறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.