ஒரு குலுக்கல்கூட கூடாது

"இதுக்கு மேல இந்த வண்டிய ஒரு அடி நகத்தினீங்கன்னா, நானே போலீசுக்குப் போன் பண்ணிடுவேன் மொதலாளி."

வண்டிக்கு அடியிலிருந்து தினகரனின் குரல் வந்தது. பத்தொன்பது வருடமாக உத்திரமேரூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். வண்டி கொண்டுவந்த யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. இன்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெட் வாசலில் நடவுக்குப் போகும் பெண்கள் பதினொரு பேர், தூக்குச் சட்டியும் கையுமாக நின்றிருந்தார்கள். மானாம்பதிக்கு வெளியே இருக்கும் குடிசைகளிலிருந்து சாலவாக்கம் வயல்களுக்குத் தினமும் இந்தக் குட்டி யானை லோடு வண்டியின் பின்னால் நின்றபடிதான் போவார்கள். இன்று காலை ஏரிக்கரை வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தும் சக்கரம் திரும்பவில்லை. சரிவில் ஒரு பனைமரம் குறுக்கே இருந்ததால் பதினொரு பேரும் பிழைத்தார்கள். அவர்களில் மூத்தவளான சிட்டம்மாள்தான் எல்லோரையும் இறக்கி, வண்டியை ஷெட்டுக்கு விடவைத்தாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் பஞ்சாட்சரம். சாலவாக்கத்தில் பாதி வயல் அவருடையது. பைக்கை விட்டு இறங்கும்போதே அவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

"இன்னா தினகரா, நேத்துவரைக்கும் ஓடிக்கினு இருந்த வண்டிதான இது? இவுளுங்க பேச்சக் கேட்டுக்கினு நீ வேற பெருசு பண்ற."

"நீங்களே வந்து பாருங்க."

ஜாக்கியில் தூக்கியிருந்த முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான் தினகரன். சக்கரம் கடகடவென்று ஆடியது.

"கிங் பின் தேஞ்சி போச்சி. ஸ்டியரிங்க நாலு விரக்கடை திருப்பினாதான் சக்கரத்துக்கே தகவல் போவுது. சக்கரத்தத் திருப்புற டை ராடு எந்நேரம் வேணா கழண்டு வுழும். ஸ்பிரிங் பட்டையில ரெண்டு ஒடிஞ்சி கீது, கயிறு போட்டுக் கட்டி ஓட்டிக்கினு கீறீங்க."

"நடவு முடியட்டும், பாக்கலாம்."

"போன போகத்துல அறுப்பு முடியட்டும்னீங்க. இப்ப நடவு முடியட்டும்றீங்க. பின்னால ஏத்தறது நெல்லு மூட்டை இல்ல மொதலாளி, மனுசங்க."

"தூக்கித் தூக்கிப் போட்டதுல என் இடுப்பே போச்சி நைனா" என்றாள் சிட்டம்மாள்.

"வேலைக்குப் போற ஒடம்புன்னா அப்பிடித்தான் இருக்கும். புடிக்கலன்னா நடந்து போ" என்றார் பஞ்சாட்சரம்.

தினகரன் கையிலிருந்த ஸ்பானரை விட்டெறிந்தான். மனிதனா இவன் என்றிருந்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட வாயெடுத்தபோது அவருடைய போன் அடித்தது.

போனோடு வேப்பமரத்தடிக்குப் போய், உடம்பை வளைத்துக்கொண்டு பேசினார். "ஆமாங்க சார்... வண்டிய ரெடி பண்ணிடறேங்க... ஒரு சேதாரமும் வராதுங்க, நான் பொறுப்பு" என்பது மட்டும் காதில் விழுந்தது. ஏரிக்கரை விஷயம் எந்த அதிகாரிக்கோ எட்டிவிட்டது, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் தினகரன்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார்.

"எல்லாத்தையும் மாத்திடு தினகரா. பட்டை, ஷாக் அப்சர், ஸ்டியரிங் சாமான், ஒண்ணு வுடாத. எல்லாம் புதுசு போடு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு குலுக்கல்கூட இருக்கக் கூடாது. பள்ளத்துல எறங்கினாலும் பின்னால கீறது அலுங்கக் கூடாது. கீழ மெத்தையாட்டம் ரப்பர் விரிப்பு போட்டுடு. ஆங், கழட்டுற பழசைத் தூக்கிப் போட்டுடாத. சாக்குல கட்டி வெய்யி."

இரண்டு நாள் பெண்கள் டவுன் பஸ்ஸில் போனார்கள். தினகரன் வேறு வண்டி எதையும் தொடவில்லை. வேலை முடிந்ததும் பின்னால் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, அதே ஏரிக்கரை வளைவில் ஓட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. தன் பேச்சுக்கு இவ்வளவு பலன் கிடைத்ததில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மூன்றாம் நாள் காலை பெண்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். சிட்டம்மாள் துணியில் முடிந்து வயல் நண்டு கொண்டுவந்திருந்தாள்.

"கொழம்பு வெச்சித் துன்னு நைனா. மொதலாளி மனச நீதான மாத்தின."

ரப்பர் விரிப்பை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"ஏய், எறங்கு எறங்கு. அதுல கால வெக்காத."

பஞ்சாட்சரம் வந்து நின்றார்.

"இவங்க போறதுக்குத்தான மொதலாளி..." என்றான் தினகரன்.

"இவுளுங்களுக்கா? நீ ஒண்ணு. அன்னிக்கிப் போன் பண்ணாரே கோழிப்பண்ணைக்காரரு, அவுரு முட்டை லோடு குடுத்துக்கிறாரு. வழியில ஒடஞ்சிதுன்னா கான்ட்ராக்டே பூடும்."

தினகரன் பெண்கள் பக்கம் கையைக் காட்டினான். "அப்ப இவங்க எதுல போவாங்க?"

"கொட்டாயில இதே மாரி ஓட்டை வண்டி ஒண்ணு நிக்குதே, அதை இஸ்துக்கினு வரச் சொல்லிக்கிறேன். அந்தச் சாக்குல கீற பழைய சாமானையெல்லாம் அதுல மாட்டிடு" என்றார் பஞ்சாட்சரம். "அதுல இன்னா முட்டையா போவுது? இவுளுங்கதான போறாளுங்க."